சித்தப்பாவின் கொழும்புக் குடை

சித்தப்பா கொழும்பிலிருந்து வந்தபோது எனக்குப் பாவாடைத் துணியும் தனக்கு ஒரு கறுப்புக் குடையும் வாங்கி வந்தார். தென்காசியில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் குடை. ஆனி பிறந்து குற்றாலச் சாரல் இறங்கினால் நாங்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வதோடு சரி.

குடையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. பண்ணையார் எதிரே வந்தால் அப்பாவைப் போன்ற குத்தகைக்காரன் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் அதுதான் வழக்கம்.

"வயலப் பிடுங்கிட்டாகன்னா பிள்ளையளுக்குக் கஞ்சிக்கு எங்கலே போவேன்? அவுக வந்தா மடக்கிரு."

"நனையாம இருக்கத்தானே அண்ணாச்சி குடை" என்றார் சித்தப்பா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் கிடந்து தவித்தவள் அம்மாதான்.

எனக்குச் சித்தப்பா என்றால் உயிர். அந்த வாரமே என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். அருவியில் குளிக்கப் போகிறவருக்குக் குடை எதற்கு என்று அம்மா கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

குளித்துத் திரும்பும் வழியில் பண்ணையார் எதிரே வந்தார். பின்னால் ஓர் ஆள் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். சித்தப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு விரித்த குடையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு விலகி, மழையில் நடந்தார்.

பண்ணையார் நின்றார். "ஏட்டி, குடை மட்டும் தனியா நடந்து வருதேன்னு பாத்தேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சித்தப்பாவிடம், "நீ ஏம்லே நனையுத?" என்றார்.

"பிள்ளைக்குச் சளி. எனக்கென்ன, சாரல்தானே" என்றார் சித்தப்பா.

எனக்குச் சளியே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா என் பிடரியில் கிள்ளினார். பண்ணையார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"குடைய மடக்கவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நாந்தானே பிடிச்சிருந்தேன்" என்றேன் பெருமையாக.

அப்பா எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து, சித்தப்பாவை உட்காரவைத்து, தானே அவர் தலையைத் துவட்டினார். ஈரம் போன பிறகும் விடவில்லை. சாரலில் நனைந்ததற்கு இத்தனை உபசாரமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த என் தலையும் ஈரமாகத்தானே இருக்கிறது, அதை ஏன் யாரும் துவட்டவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.