உரல் ஓய்ந்த நாட்கள்

எங்கள் ஊரில் யாராவது இறந்துவிட்டால் அடக்கம் முடியும்வரை உரலில் உலக்கை விழாது. மண்வெட்டி தோளில் ஏறாது. பெண்கள் ஆளுக்கொரு தட்டில் மக்காச்சோள மாவை எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிடுவோம். ஆண்கள் குழி வெட்டப் போவார்கள். வராதவர் வீட்டில் சாவு விழும்போது அங்கே குழி வெட்ட ஆள் கிடைக்காது.

எனெலெசி இந்த ஊரில்தான் நிலக்கடலை மாவு இடித்து விற்கிறார். கீரை கொதிக்கும்போது தூவுகிற மாவு. கணவர் தன் தாயின் ஊருக்கே திரும்பிப் போய்விட்ட பிறகு பிள்ளைகளை வளர்த்தது அதுதான். ஆனாலும் மழைக்காலம் வந்தால் அவரும், அவரோடு மாவு இடிக்கிற பெண்களும் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார்கள். திரும்பும்போது கைகள் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். அந்தக் கையோடு சாப்பிட்டால் வாந்தி வரும்.

தலைநகர் லிலோங்வேயில் தொழில் நடத்தும் பெண்களை எங்களைப் போன்ற ஊர்ப் பெண்களுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் ஒரு திட்டம் வந்தது. எனெலெசிக்குக் கிடைத்தவர் தமாண்டா, ரொட்டிக்கடைக்காரி. எனெலெசியைவிட மிகவும் இளையவர். இருவரும் ஒருவரையொருவர் 'அமாயி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் பேச்சில் அம்மா என்று பொருள், மரியாதைக்கும் அதுவே சொல். தமாண்டா மாதத்துக்கொருமுறை மினிபஸ்ஸில் வருவார். சொத்தைக் கடலையும் பூஞ்சை பிடித்ததும் ஒன்றுகூட உரலுக்குள் விழக் கூடாது, மாவை இரண்டு தடவை சலிக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்.

"இன்னொரு தடவை சலிச்சா சல்லடைதான் மிஞ்சும்" என்பாள் ஃபலேசி. எனெலெசியோடு இடிக்கிறவர்களில் வாய் அதிகம் உள்ளவள் அவள். "ஏன் அமாயி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட நாங்க இப்படிப் பொறுக்கி எடுத்ததில்லையே!"

"அதான் உன் தம்பிக்கு அந்த மாதிரி பொண்டாட்டி வாய்ச்சிருக்கா" என்றார் எனெலெசி. கடலை சிதறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

நகரத்தில் தன் ரொட்டியை வாங்கி விற்கும் ஒரு பெரிய கடையோடு தமாண்டா பேசி முடித்தார். இரண்டு வாரத்துக்கொருமுறை வியாழக்கிழமை மாவுப் பொட்டலங்கள் போக வேண்டும். அது நிலைத்துவிட்டால் யாரும் புகையிலைத் தோட்டத்தை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

"முதல் வியாழக்கிழமை தவறினா ரெண்டாவது வியாழக்கிழமையே கிடையாது அமாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முதல் வியாழக்கிழமை வாரத்தின் தொடக்கத்தில் ஃபலேசி தலைவலி என்று படுத்தாள். காய்ச்சல் ஏறியது. சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கிழமை உடலாகத் திரும்பி வந்தாள். அவள் தம்பி ஜாம்பியாவிலிருந்து எல்லை தாண்டி வரவேண்டியிருந்ததால் அடக்கம் வியாழக்கிழமை என்று ஆனது. பொறுக்கிவைத்த கடலை மூட்டைகள் எனெலெசியின் வீட்டில் அப்படியே கிடந்தன. அவர் போனைத் தலையணைக்கடியில் போட்டுவிட்டுச் சாவு வீட்டுப் பாயில் போய் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை தமாண்டா வந்தார். விஷயம் பஸ்ஸை விட்டு இறங்கியதும்தான் தெரிந்தது. கடைத்தெருவில் மக்காச்சோள மாவு வாங்கி, நேரே ஃபலேசியின் வீட்டுக்குப் போய்த் தட்டை வைத்துவிட்டு, பெண்களோடு பாயில் வெகுநேரம் இருந்தார். அதற்குப் பிறகே எனெலெசியின் வாசலுக்கு வந்தார்.

"நீங்க சாவுக்குப் போனதை நான் கேக்கலை அமாயி. நானும் இந்த மண்ணுல பொறந்தவதான். ஒரு போன் ஏன் பண்ணலை?"

"சாவுக்கு யாராவது காரணம் சொல்லுவாங்களா? ஒருத்தர் வரலைன்னா, சாவுன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"இங்க புரிஞ்சுக்குவாங்க. லிலோங்வேயில எப்படிப் புரியும்? அலமாரியில உங்களுக்குன்னு இடம் ஒதுக்கி வச்சிருந்தாங்க. சாயங்காலம்வரைக்கும் அது காலியாவே இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"அப்ப ஃபலேசி மண்ணுக்குள்ளகூடப் போகலை. அவளால கடலை மாவு லேட்டுன்னு ஒரு கடைக்காரன்கிட்ட நான் சொல்லணுமா? அவ என்ன பஞ்சரான டயரா?"

தமாண்டா மெதுவாக, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் கடைக்காரரைப் பார்க்கப் போனார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"எனக்குச் சரக்கு குடுக்கறவங்க வீட்லயெல்லாம் எப்பவும் சாவுதான். ஒருத்தனோட பாட்டி இதுவரைக்கும் நாலு தடவை செத்துட்டா."

"நான் அந்தச் சாவு வீட்டுப் பாயிலயே உக்காந்துட்டு வந்தவ சார்" என்றார் தமாண்டா. "இவங்களுக்கு நான் ஜவாப்தாரி. இன்னொரு தடவை சொல்லாம சரக்கு நின்னா, என் ரொட்டியையும் நீங்க எடுக்க வேண்டாம்."

கடைக்காரர் எனெலெசியைப் பார்த்தார். "சாவு வரட்டும், கல்யாணம் வரட்டும், எனக்கு முன்னாடியே தெரியணும். அதுவும் நீங்களே சொல்லணும். சரியா?"

"சரி" என்றார் எனெலெசி.

வியாழக்கிழமைகள் தவறாமல் போயின. மழை தொடங்கியபோது, மாவு இடிக்கிற பெண்களில் ஒருவரும் புகையிலைத் தோட்டத்துக்குப் போகவில்லை. ஃபலேசியின் இடத்தில் அவளுடைய மூத்த மகள் உலக்கை பிடித்தாள்.

மழை ஓயுமுன் எனெலெசியின் அண்ணன் ஜைலோசி இறந்துபோனார். எங்கள் வழியில் பெண்களுக்குக் காவல் கணவன் அல்ல, கூடப் பிறந்தவன்தான். எனெலெசியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்றவர் அவர். ஒரு புதன்கிழமை காலை கட்டிலிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. செய்தி கேட்டு நாங்கள் ஓடியபோது எனெலெசி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். முகத்தைத் துடைத்து, போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்பக்கம் போனார். அங்கே நாங்கள் சிலர் தண்ணீர்ப் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் எங்களைக் கவனிக்காமல் கடைக்கு அடித்தார்.

"மாவுக்கார எனெலெசி பேசறேன். என் அண்ணன் இறந்துட்டாரு. நாளைக்கு மாவு வராது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா. நிஜமாத்தான்" என்றார்.

அடுத்து தமாண்டாவுக்கு. அதே வார்த்தைகள், அதே வரிசையில். "கடைக்கு நானே சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் போனைக் காதில் வைத்தபடி நின்றார். தமாண்டா அழுகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. கடைசியில் எனெலெசி, "ஜைலோசி" என்றார். "அவரு பேரு ஜைலோசி."

போனை இறக்கியபோது அவருடைய சித்தி எதிரில் நின்றார்.

"அண்ணன் உள்ள கிடக்கான். யாருகிட்டப் பேச்சு?"

"கடைக்காரர்கிட்ட சித்தி."

"உடம்பு இன்னும் சூடா இருக்குடி!"

"தெரியும் சித்தி. இப்பவே சொல்லியாகணும்."

சித்தி காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். எனெலெசி அவர் பின்னால் போவதற்குள் விஷயம் பாய்வரை போய்விட்டது. யாரும் கால்களை மடக்கி அவருக்கு வழிவிடவில்லை. வாசலோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கேயே உட்காருவார் என்றுதான் நினைத்தேன். அவர் துணியை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் காலையும் தாண்டிப் போய், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.