பக்கத்தில் இருப்பவளுக்குப் புரியவில்லையாம்

பாடம் முடிந்து நான் பையை மாட்டுவதற்குள் ஒரு மாணவன் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, "வள்ளி, நீ விளக்கிய விதம் சரியில்லை, எனக்குப் புரியவில்லை" என்றான். கோபமில்லை, கிண்டலுமில்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு நின்றான். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாடம் எடுத்தவள் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்ல எப்படி ஐயா வாய் வருகிறது? இங்கே அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: 'நீட் டௌடலெக்', தெளிவாக இல்லை. பேக்கரியில், வங்கியில், பல் மருத்துவரிடம், எங்கேயும் யாரும் யாரிடமும் சொல்வார்கள். சொன்னவருக்கும் வெட்கமில்லை, கேட்டவருக்கும் வருத்தமில்லை.

என் வேலையே இந்தப் புரிதலை அளப்பதுதான். பல்கலைக்கழகக் கணிதத்தைப் பாதி இணையத்திலும் பாதி வகுப்பறையிலுமாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்கிற குழுவில் இருக்கிறேன். என் மேற்பார்வையாளர் மார்லீன், நெட்டையான, சிரிப்பை மறைக்கத் தெரியாத பெண்மணி. ஒரே காணொளிப் பாடத்தை இரண்டு நாடுகளில் வைத்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, நான் யோசிக்காமல் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தைச் சொன்னேன். இலுப்பூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரி ஒப்புக்கொண்டது. டச்சு மாணவர்களுக்கு ஆங்கிலத்திலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலும் நானே பேசிப் பதிவு செய்தேன். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. யார் எதை அமுக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நெதர்லாந்தில் திரை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. இலுப்பூரில் எல்லாமே பச்சை. எல்லை, அதாவது லிமிட், என்ற கருத்தை எப்சிலான், டெல்டா என்ற கிரேக்க எழுத்துகளால் சொல்லும் வரையறை, உலகம் முழுக்கப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாடம், அதற்கும் பச்சை. மார்லீன் மேசையைத் தட்டி, "உன் ஊர்க்காரர்கள் மேதைகள்!" என்றார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. அன்று மாலையே செல்வி போன் செய்தாள்.

செல்வி அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நானும் அவளும் ஒன்றாக எம்.எஸ்சி. படித்தவர்கள். கலப்பு முறையில் வகுப்பறைப் பாதி அவளுடையது. காணொளி பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுப்பாள். "பச்சைய நம்பாதடி" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "ஒன் மூஞ்சியோட, ஒன் கொரலோட வருது வீடியோ. நம்மூர்ப் பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து நமக்காகச் சொல்லிக் குடுக்குதுன்னு இதுக உருகிப்போய்க் கெடக்குதுக. அந்தப் பச்சை ஒனக்குப் போடுற கும்புடுடி. வகுப்புக்கு வந்தா ஒண்ணுமே தெரியல." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்லூரிச் செயலாளர் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டாராம். வீடியோவே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும்போது தனியாக ஒரு ஆள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். நான் நேரில் போய் ஆய்வு முடிவைச் சொல்லும் கூட்டத்தில் அதைத் தீர்மானிப்பதாக இருந்தது.

ஊருக்குப் போனேன். பொன்னமராவதியிலிருந்து இலுப்பூர் போகும் பஸ்ஸில் நானும் செல்வியும் நின்றுகொண்டே போனோம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே பேச்சு கொதித்தது. "செயலாளர்ட்ட நீயே சொல்லலாம்ல?" என்றேன். "சொன்னேன். வேலையக் காப்பாத்திக்கக் கதை கட்டுறேன்னுட்டாரு. நீ சொல்லுடி, நீ டாக்டரு." "எங்கிட்ட இருக்குற ஆதாரமே பச்சையாத்தான இருக்கு, நான் என்னத்தச் சொல்ல?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "இது போச்சுன்னா அண்ணன் ஜவுளிக்கடையில பில்லு போட உக்கார வேண்டியதுதான். எம்.எஸ்சி. படிச்சவ பில்லு போடுறான்னு ஊரே வந்து வேடிக்க பாக்கும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தப் பச்சை பொய் என்றால் என் ஆய்வும் பொய். என் ஒப்பந்தமோ அந்த ஆய்வை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கணினிக் கூடத்தில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு கணினியாக உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் முன் வரிசையில், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடோடு. செல்வி கதவோரம். பெரிய திரையில் மார்லீனின் முகம், அதன் கீழே, எத்தனை பேர் எதை அமுக்கினார்கள் என்று உடனுக்குடன் காட்டும் பட்டை ஒன்று, முழுக்கப் பச்சையாக. எல்லைப் பாடத்தை மறுபடி ஓடவிட்டு, எல்லோரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பொத்தானை அமுக்கச் சொன்னோம். பட்டை சிறிதும் மாறாமல் பச்சையாகவே நின்றது. மார்லீன் ஆங்கிலத்தில், "தயவுசெய்து நேர்மையாகச் சொல்லுங்கள், உண்மையிலேயே புரிகிறதா?" என்றார். அவர் ஊரில் அது அன்பான கேள்வி. எங்கள் பிள்ளைகள் காதில் அது, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று விழுந்தது. ஆவூரிலிருந்து வரும் சகாயமேரி, வகுப்புத் தலைவி, விருட்டென்று எழுந்து, "ஃபுல்லி அண்டர்ஸ்டுட் மேம், தேங்க்யூ மேம்" என்று ஒப்பித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். மார்லீனும் தட்டினார்.

செயலாளர் திரும்பி, "பாத்தீங்களாம்மா? நீங்க அம்புட்டுத் தொலவுலேர்ந்து செஞ்சதுக்குப் பலன் கெடச்சிருச்சு. செல்வி மிஸ்ஸுக்கு இந்த மாசத்தோட..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். தமிழில் கேட்டேன்: "புரியலன்னா தைரியமா சொல்லுங்கம்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்." "புரியுதுங்க மேடம்" என்று கூடமே பாடியது. செல்வியைப் பார்த்தேன். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். படிக்கிற காலத்தில் இவளா தரையைப் பார்த்தவள்? பேராசிரியர் பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பும் நேரம் பார்த்து எழுந்து, என்னைக் கை காட்டி, "சார், இவளுக்குப் புரியலையாம் சார்" என்பாள். புரியாதது அவளுக்கு. திட்டு வாங்குவது நான். மறுநாள் எனக்குப் புரியாததை அவள் தலையில் கட்டிவிடுவேன். எங்கள் வகுப்பில் தனக்குப் புரியவில்லை என்று யாருமே சொன்னதில்லை. எல்லாச் சந்தேகமும் பக்கத்தில் இருப்பவளுடையதுதான்.

மடிக்கணினியை இழுத்து, பொத்தான்களுக்கு மேலிருந்த 'உங்களுக்குப் புரிந்ததா?' என்ற கேள்வியை அழித்து, வேறொன்றைத் தட்டினேன்: 'உங்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்ததா?'

பிள்ளைகள் திரையைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எங்கோ ஒரு களுக் சிரிப்பு. பட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்பு. அப்புறம் இன்னொன்று. முழங்கைகள் இடிபட்டன. "ஏய், எனக்குப் புரியலன்னா போட்ட?" "ஆமா, நீ மட்டும் என்னத்தப் போட்டியாம்!" பச்சை தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் பட்டை டச்சுப் பட்டையைவிடச் சிவப்பாக நின்றது. சகாயமேரி மறுபடி எழுந்தாள். இந்த முறை தமிழில், தோழியைக் கை காட்டி, "மேடம், இவளுக்கு அந்த எப்சிலான் எங்கேர்ந்து வருதுன்னே தெரியலையாம் மேடம்" என்றாள். "அடிப்பாவி, நேத்து நீதான்டி எங்கிட்டக் கேட்ட!" என்று தோழி அலறினாள். கூடமே குலுங்கியது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

செல்வி யாரையும் கேட்கவில்லை. நேரே பலகைக்குப் போனாள். "ஜாக்கெட் தைக்கக் குடுக்குறீங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவால்லையா, கச்சிதமா வேணுமான்னு டெய்லர் மொதல்ல ஒங்களத்தான கேக்குறாரு? அதான்டி எப்சிலான். நீங்க சொல்றது. அதுக்குத் தக்கன துணிய எம்புட்டுக் கவனமா வெட்டணுங்கறது டெல்டா. அது டெய்லர் பாடு. நீங்க எம்புட்டுக் கச்சிதமா கேட்டாலும் தச்சுக் குடுக்க முடியும்னா, எல்லை இருக்கு." என் காணொளி முழுவதிலும் இந்த டெய்லர் இல்லை. செயலாளர் கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "சரிம்மா" என்றார் கடைசியில். "ஒங்க ஆராய்ச்சி நடக்குற மட்டும் மிஸ் இருக்கட்டும். அப்பறம் பாப்போம்." மாற்றிய கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னதும் மார்லீன் திரையிலிருந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தப் பட்டை உண்மை?" இரண்டாவது என்றேன். "அப்படியானால் இதுவரை சேர்த்தது எல்லாம் வீண்." ஆமாம் என்றேன். அவர் முகம் அணைந்து, திரை நீலமாகியது.

திரும்பி வந்த வாரம் மார்லீன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கோபமே இல்லை. நீ கண்டுபிடித்தது நல்லது என்றார். என் ஒப்பந்தம் தொடரும் என்றார். ஆனால் அடுத்த ஆண்டு ஆய்வு டச்சு மாணவர்களோடு மட்டும்தான், இலுப்பூர்த் தரவை நம்ப முடியாது, அதை விட்டுவிடலாம் என்று நிதானமாக, அழகாக விளக்கினார். என் வேலை தப்பியது. ஆராய்ச்சி நடக்கும் மட்டும் என்று செயலாளர் சொன்ன அந்தச் சொல்லோ செல்வியின் வேலையோடு சேர்ந்து அங்கேயே அறுந்து விழுந்தது. "டௌடலெக்?" என்றார் மார்லீன். தெளிவா?

என் தலை தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. இந்தத் தலையை எத்தனை வருடம் இந்த ஊரில் வைத்திருந்தாலும் அது ஆடத்தான் செய்கிறது. ஆடுகிற தலையை நிறுத்தினேன். என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"எனக்குப் புரிந்தது" என்றேன். நாற்காலியைக் கை காட்டினேன். "இவளுக்குத்தான் புரியவில்லையாம்."

மார்லீன் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தக் காலி நாற்காலியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, "எந்த இடம் புரியவில்லை என்று அவளைக் கேள்" என்றார்.

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இலுப்பூரை ஏன் விட வேண்டும் என்பதுதான் புரியவில்லையாம் என்று அவளுக்காகச் சொல்ல ஆரம்பித்தேன்.