கண்ணாடி தேடிய ஓநாய்

கனகத்துக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் படப்பை டெண்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால், பெண்கள் பக்கத்துக்குக் கதை சொல்வது அவள்தான். பகலெல்லாம் மறைமலை நகர்க் கம்பெனிக் கட்டடங்களில் சித்தாளாகச் செங்கல் சுமப்பாள். சாயங்காலம் கொட்டகை மணலைக் குவித்து மேலே உட்கார்ந்துவிட்டால் மகாராணிதான்.

எண்பத்திரண்டில் அந்த ஓநாய்ப் படம் வந்தது. பௌர்ணமியானால் வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் ஓநாயாகிவிடுவார். கிட்டப்பார்வை மட்டும் போகாது. ஊளையிட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடும் ஓநாயைக் கண்டு, அலறிய வாயாலேயே எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, கடிச்சிடுமா?" என்றாள் பக்கத்தில் இருந்த லீலா.

"கண்ணாடி கெடச்சாத்தானடி கடிக்கும்!"

முதல் நாள் ஆபரேட்டர் ரகுபதி தூக்கக் கலக்கத்தில் கடைசி இரண்டு ரீலை மாற்றிப் போட்டுவிட்டான். குண்டடிபட்ட ஓநாய் வாத்தியாராகிச் செத்தது. மனைவி கண்ணாடியை மாட்டிவிட்டு அழுதாள். அடுத்த ரீலில் அதே வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல்.

கனகம் எழுந்து நின்றாள். "கத்தாதீங்கய்யா! பொண்டாட்டி அழுத அழுகைல எழுந்து வந்துட்டாரு. டீ குடிக்க வுடுங்க!"

கொட்டகை கைதட்டியது. கூட்டம் ரசித்ததால் மறுநாளும் ரகுபதி அப்படியே ஓட்டினான்.

கனகத்தின் கணவர் நடேசன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து செத்து மூன்று வருஷம். கனவில் வரும்போதெல்லாம் விழுந்துகொண்டேதான் இருந்தார். படம் பார்த்த அன்று ராத்திரி கனவில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து டீ கேட்டார். மறுநாளும் கேட்டார். கனகத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. செங்கல்கூடக் கனக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் கடைசி ஆட்டம். முதலாளி நரசிம்மன் ரீல் எண்ணைப் பார்த்துவிட்டார். ஒழுங்காகப் போடாவிட்டால் வேலை கிடையாது என்றார். விஷயம் தெரிந்து கனகம் ஆபரேட்டர் அறைக்கு ஓடினாள்.

"ரகுபதி, இன்னிக்கும் மாத்தியே போடுப்பா."

"வேல பூடும்க்கா."

"எங்கூட்டுக்காரரு ரெண்டு நாளாத்தான் டீ குடிக்கிறாரு."

அவன் ரீல் பெட்டியைத் திறந்தான். அவள் திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தாள். கடைசிக்கு முந்தின ரீலுக்காக விளக்கு அணைந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இப்போதே டீ வந்துவிட்டால், சாவுதான் முடிவு.

டுமீல் என்று துப்பாக்கி வெடித்தது. கனகம் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"செத்துப்பூட்டாருக்கா!" என்று லீலா கையைப் பிடித்தாள்.

"இரு, டீ குடிக்க வருவாரு."