விலை ஏறுவதற்கு முந்தின சாயங்காலம்

பெட்ரோல் பங்கில் பைப் பிடித்து வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்ட என் அத்தையை எல்லோரும் ‘பைப்பக்கா’ என்பார்கள். மாமா போன பிறகு அந்தப் பைப்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது.

போன வருடம் எரிபொருள் வரி ஏறியது. வண்டிகள் குறைந்தன. முதலாளி, “அக்கா, வரி என் கழுத்தை நெரிக்குது. ஆளைக் குறைக்கணும்” என்றார். அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் வெளியே. கல்லாவில் உட்கார்ந்து தூங்கும் அவருடைய மச்சானை மட்டும் வரி தொடவே இல்லை.

அத்தை அழவில்லை. “இருக்கட்டும், எனக்கும் ஒரு நாள் வரும்” என்று சொல்லிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு ஒரு துணிக்கடையில் தரை கூட்டப் போனார்.

அந்த நாளும் வந்தது. மறுநாள் காலையிலிருந்து வரி மறுபடி உயர்கிறது என்று செய்தியில் சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பங்க் முதலாளி எண்ணெய் வாங்கும்போதே வரி கட்டிவிடுகிறார். பழைய வரியில் வாங்கியதை ஓர் இரவு பூட்டி வைத்தால், விடிந்ததும் புது விலைக்கு விற்கலாம். வித்தியாசம் அவர் பைக்கு. அதனால் முந்தின சாயங்காலமே வாசலில் கயிறு கட்டி, ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகை மாட்டிவிடுவார். வருடக்கணக்காக அந்தக் கயிற்றைக் கட்டியது அத்தைதான்.

அன்றைக்கும் கட்டியிருந்தது. வெளியே வேன்காரர்கள் திட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்.

“மத்தியானம் டேங்கர் லாரி வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சேக்கா, நானே பாத்தேன்” என்றார் ஒரு வேன்காரர்.

“அப்ப அதுல என்ன, தண்ணியா வந்துச்சு?”

அவ்வளவுதான். கயிறு அறுந்தது, வேன்கள் உள்ளே புகுந்தன. நாலு பேர் போனில் படம் பிடிக்க, முதலாளி மெஷினைப் போட்டே ஆகவேண்டியதாயிற்று. பைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. மச்சான் பின்பக்கமாக நழுவிவிட்டான். முதலாளியே பிடித்தார்.

வரிசையில் அத்தையின் முறை வந்தது.

“சோறு போட்ட இடத்துக்கே துரோகமாக்கா?”

“தட்டைப் பிடுங்கினது யாருங்க? ஃபுல்லா போடுங்க.”

அவர் பைப்பைச் செருகினார். அத்தை விடவில்லை. “மீட்டர்ல ஜீரோ காட்டிட்டுத்தான் போடணும். சொல்லுங்க.”

முதலாளியின் சட்டை முழுக்க பெட்ரோல் வாடை. “ஜீரோ பாத்துக்குங்க” என்று முனகினார்.

“இங்க கேக்கல.”

அவர் கத்திச் சொன்னார். வரிசையே சிரித்தது.

‘மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தா போயிருப்பியா அத்தை?’ என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“போயிருப்பேன்டா. அதான் அந்தாள் கூப்பிட வாயைத் திறக்கறதுக்குள்ள வண்டியக் கிளப்பிட்டேன்.”