பத்து நாள் சுற்றுலா

அக்கா முதல் தடவை வெளிநாடு போகாமல் திரும்பி வந்ததற்கு என் வாய்தான் காரணம். கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை.

பாதியில் நின்ற வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகத் துணிந்தாள். அப்படிப் போகிறவர்கள் அரசாங்க வேலைவாய்ப்பு பியூரோவில் பதிய வேண்டும், பயிற்சிக்கும் போக வேண்டும். டவுனில் போன் கடை மாடியில் இருந்த ஏஜென்ட், அதெல்லாம் வீண் அலைச்சல் என்றார்.

"விசிட் விசாவுல போயிடலாங்க. கேட்டா, பத்து நாள் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க."

அக்கா ஜீன்ஸ் வாங்கினாள், கறுப்புக் கண்ணாடி வாங்கினாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களை எலுமிச்சம்பழத் தோலால் மூன்று நாள் தேய்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாங்கள்தான் சரியாக இல்லை.

எங்கள் லயத்து வீடுகளிலிருந்து யார் வெளிநாடு போனாலும் வேன் பிடித்து வழியனுப்பப் போவோம். அன்றைக்கும் பதினாறு பேர் ஏறினோம். மாரியம்மன் கோயிலில் பூசை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், அக்காவின் கழுத்தில் மாலை, நெற்றி நிறைய திருநீறு. பையில் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு, தேயிலைத் தூள். ஏர்போர்ட் வாசலில் இறங்கியதும் வழக்கப்படி ஒப்பாரி. அதில் என் குரல் தனியாகக் கேட்டதாம்.

வாசலில் நின்ற பெண் அதிகாரி சிரித்துக்கொண்டே அக்காவிடம் சிங்களத்தில் கேட்டார், எத்தனை நாள் பயணம் என்று. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பத்து நாள்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "ஏன் மகளே அழுகிறாய்? அக்கா எப்போது வருவாள்?" என்றார். அவ்வளவு அன்பாக யாராவது கேட்டால் எனக்குப் பொய் வராது.

"அவுருது தெகாய்" என்றேன். இரண்டு வருடம்.

அக்காவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேனில் வரும் வழியெல்லாம் அவள் என்னைப் பேசியதை எழுத முடியாது. மற்றவர்கள் வழிக்கென்று கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலை மனவருத்தத்தோடு சாப்பிட்டு முடித்தார்கள்.

இரண்டு மாதம் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, அதே ஏஜென்ட் அனுப்பிய தோட்டத்துப் பக்கத்து டிவிஷன் பெண்ணிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. சம்பளமில்லை, பாஸ்போர்ட் வேலை செய்யும் வீட்டுக்காரர் கையில், யாரிடம் போய்ச் சொல்வதென்றும் தெரியவில்லை என்று அழுதாளாம். அன்றைக்கு ராத்திரி அக்கா எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லை.

இந்த முறை பியூரோ வழி. பயிற்சியில் துணி துவைக்கும் மெஷினை இயக்கப் படித்துவிட்டு வந்து, தண்ணீர்ப் பீலிக்கரையில் நான் துணி அடித்துத் துவைப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினோம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாண்டினோம். கடைசியில் கிராம சேவகர் ஒரு படிவத்தை நீட்டி, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். ஏஜென்ட் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை. அக்காவின் மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் அப்பா, என் மச்சான், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் முறை வேன் இல்லை, மாலை இல்லை. "நீ வந்தா வாயத் தொறப்ப. நீ வரவே வேணாம்" என்று சொல்லிவிட்டு, மச்சானோடு பஸ்ஸில் போனாள்.

பஸ் வளைவில் மறைந்ததும் அக்காவின் மகள் என் கையை இழுத்தாள்.

"சின்னம்மா, அம்மா எப்ப வருவாங்க?"

அதிகாரியிடம் வராத பொய் அப்போது வந்தது.

"பத்து நாள்ல வந்துருவாங்கடி" என்றேன்.