சேரின் பிளாஸ்க்

எங்களுக்குச் சுகாதாரம் படிப்பித்த சேரின் மேசையில் சிவப்புப் பூப் போட்ட பிளாஸ்க் ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அதன் மூடியில் வார்த்து, சத்தம் கேட்கக் குடித்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் வாந்திபேதி பரவிய அந்த மழைக்காலத்தை நினைத்தால், அந்த நோயில் மௌத்தாகிப்போன உயிர்களுக்கு முன்னே இந்தப் பிளாஸ்க்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவ்வளவு வெறுப்பு.

நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கிருமியின் பெயர், அது பரவும் வழி, தண்ணீரை ஏன் கொதிக்க வைக்கவேண்டும், எல்லாவற்றையும் வகுப்பே ஒரே குரலில் ஒப்புவிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பள்ளிவாசல் கந்தூரிக்குச் சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கவும் சேர் ஏற்பாடு செய்தார். பெரிய மனது! ஆனால் இடைவேளை மணி அடிக்கும்போது கிடாரம் ஆறியிருக்காது. குளிக்க வெந்நீர் விளாவுவதுபோலக் கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளி அதற்குள் ஊற்றச் சொல்வார். "கொதிச்சதோட சேர்ந்தா எல்லாம் கொதிச்ச தண்ணிதான்" என்பார். நூற்றுக்கு நூறு வாங்கிய மந்தைகள் நாங்கள், அதைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்று குடித்தோம்.

வரிசையில் நிற்காதவள் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சியின் மகள் மட்டும்தான். என் வகுப்புத்தான், சுகாதாரப் பாடத்தில் கடைசி. கிருமியின் பெயர் அவள் வாயில் நுழையவே இல்லை. ஆனால் அந்த நோய்க்குத் தம்பியைப் பறிகொடுத்தவள். அந்தப் பயத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சேர் கோப்பையை அவள் கையில் திணித்தார்.

"எல்லாரும் குடிக்கிற தண்ணி உனக்கு மட்டும் என்னடி? குடிச்சுக் காட்டு."

"உங்கட பிளாஸ்க்ல ஒரு மூடி தாங்க சேர், குடிக்கிறன்."

சேர் பிரம்பை எடுத்தார். பிறகு அவளுடைய வாப்பா, எங்கள் சாச்சாவைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்காமல் இவள் வகுப்பில் ஏறக்கூடாது என்றார். அவள் கேட்கவில்லை. எப்படியும் பெரிய பிள்ளையாகி வீட்டில் இருக்கப் போகிறவள்தானே என்று சாச்சா வீட்டோடு நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். சந்தையில் குச்சி ஐஸ்பழம் தின்றதுகள் என்று சேர் கூசாமல் சொன்னார். அந்த வகுப்பில் நாலைந்து பேர் பின்னால் டீச்சராகிவிட்டோம். அவள் மட்டும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

போன மாதம் மகளின் கல்யாணம் சொல்ல சேர் வீட்டுக்குப் போனேன். வயது போய்விட்டது, வாய் போகவில்லை. தான் இல்லாவிட்டால் அந்த வாந்திபேதியில் ஒரு பிள்ளையும் மிஞ்சியிருக்காது என்று கதைத்தார். சாச்சியின் மகளை ஞாபகப்படுத்தினேன். "அப்படி ஒரு பிள்ளை இருந்ததா?" என்றார். பிறகு பக்கத்திலிருந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் வார்த்து நீட்டினார்.

"குடி, மகள். நல்லாக் கொதிச்சு ஆறின தண்ணி."

அவள் கேட்டதும் இந்த ஒரு மூடித் தண்ணீரைத்தான். எனக்குத் தாகமாகத்தான் இருந்தது. வாங்கி, அவர் பார்க்க முற்றத்தில் ஊற்றிவிட்டு எழும்பி வந்தேன்.