பால் புற்றுக்கு, மணல் தூணுக்கு

மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் குடியிருந்தது பலகை வீடு. நிலம் ஒரு சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். வீடு மட்டும்தான் அப்பா கட்டியது. கொல்லையில் காலை வைத்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், அப்படிப்பட்ட களிமண். அந்த மண்ணில்தான் புற்று எழும்பியது. அம்மா மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றினாள். ஈரம் பட்டதும் கறையான் இன்னும் உற்சாகமாக வேலை பார்த்தது. புற்று என் இடுப்பளவு வளர்ந்தது. வீட்டுத் தூணிலும் மண்கோடு ஏறியது.

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய அப்பா, கடற்கரை மணலைக் கொண்டுவந்து தூணைச் சுற்றிப் போட்டார். கறையான் அதையும் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"இது என்னா மணலு, பவுடரு! குருணை மாதிரி கொண்டாங்க."

அடுத்து வந்தது, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையின் மணல். அதை அம்மா சலித்தாள். பொடியையும் கல்லையும் தள்ளிவிட்டு, நடுத்தரமானதை மட்டும் தூணைச் சுற்றிப் பள்ளம் பறித்து நிரப்பினாள். அந்தப் பரலைத் தூக்கக் கறையானுக்கு வாய் போதாது. இடுக்கில் நுழைய வழியும் இல்லை. நான் படித்தது சொற்பம். ஆனால் மண்ணைப் பற்றி இன்றைக்கும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரு கையில பாலு, ஒரு கையில மணலு. ஒங்கம்மா ரெண்டு கட்சி லா," என்று அப்பா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் தவுக்கே, அளக்கிற ஆளோடு வந்து நின்றார். கடை கட்டப் போகிறாராம், வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அம்மா அவர்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். மஞ்சள் துணியைக் கண்டதும் தவுக்கே செருப்பைக் கழற்றினார். அங்கத்திச் சீனர்களுக்கும் புற்று என்றால், நிலத்தைக் காக்கும் டத்தோ சாமி குடியிருக்கும் இடம். தொடாதே என்று மலாயில் அந்த ஆளை அதட்டிவிட்டு, அம்மாவிடமே ஊதுபத்தி வாங்கி ஏற்றிவைத்து, காலி செய்கிற பேச்சையே விட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே அம்மா தூணடியில் இன்னும் மணல் கொட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி வர்ற வழிய அடைக்கலாமாம்மா? குத்தமில்ல?"

"சாமி இருக்கற எடத்துல இருக்கட்டும். நாமளும் இருக்கணும்ல?"

அம்மாவுக்குப் பக்தி போதவில்லை என்று சில நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நிலத்தில் எங்கள் பேருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது என்பதும், புற்று விழுந்தாலும் வீடு போகும், கறையான் உள்ளே வந்தாலும் வீடு போகும் என்பதும் அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?